மெயிலில் யார் பேர் முதலில்?

மாடியிலிருந்து மூக்கம்மாள் கொண்டுவந்து நீட்டிய தாளில் கையெழுத்து இல்லை. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறிதான் இருந்தது. பூபாலன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

அந்தப் பனியன் கம்பெனியில் மெயில் அடிப்பது பூபாலன். ஆனால் அடித்ததைத் தாளில் எடுத்து மாடிக்கு அனுப்பி, மூன்று முதலாளிகளும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் 'சென்ட்' பொத்தானைத் தொடலாம். பெரியவர் மாரப்பன், அவர் மச்சான் தவசியப்பன், மாரப்பன் மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி மணியன். மூவருக்கும் தனித்தனி அறை, தனித்தனி கௌரவம். தாளை ஏற்றி இறக்குவது தேனிப் பக்கத்திலிருந்து வந்த மூக்கம்மாள்.

ஐந்து மணிக்குள் ஆர்டரை ஒப்புக்கொண்டு ஜெர்மனிக்கு மெயில் போகவேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து ஊர் நெருப்பெரிச்சல் கம்பெனிக்காரன் எவனாவது தட்டிக்கொண்டு போய்விடுவான். "ஆர்டர் போச்சுன்னா உன்ற சேரும் போச்சு கண்ணு" என்று மாரப்பன் காலையிலேயே சொல்லியிருந்தார்.

மழைக்காலம், சாயம் போட்ட துணி காயாது, சரக்கனுப்ப இரண்டு வாரம் கூடுதலாக வேண்டும் என்று அவர் கேட்டுப் பார்த்ததும் உண்டு. ஜெர்மன்காரனின் சென்னை ஏஜென்ட் ரோஸ்மேரி, "ஒரு நாள்கூடக் கிடையாது" என்றுவிட்டாள். கறிவேப்பிலைக்கே பேரம் பேசுகிற மனிதர், "சரீங்கம்மா" என்று போனை வைத்தது பூபாலனுக்கே அதிசயமாக இருந்தது.

இன்டர்காம் அலறியது. தவசியப்பன்.

"ஏனுங்க பூபாலன், என்ற பேருக்கு முன்னால சிசின்னு போட்டிருக்குதே, அது என்னங்க?"

"டூவுல ஜெர்மன் பார்ட்டிங்க. சிசியில உங்க மூணு பேருக்கும் நகலுங்க."

"மொதல் போடறப்ப அசலாக் குடுத்தனுங்க. எனக்கு நகலுங்களா?"

சரி என்று மூவரையும் டூவுக்கு ஏற்றினான். மூக்கம்மாள் புதுத் தாளோடு மாடியேறினாள். கோயில் தேர்கூட அவளைவிட வேகமாக நகரும்.

"மணியன் பேசறனுங்க. எம் பேரு கடைசீல கெடக்குதே? பொண்ணு குடுத்தவனுக்குக் கடைசிப் பந்தீங்களா?"

மணியனை முதலில் போட்டான். உடனே மாரப்பன்.

"கண்ணு, இந்தக் கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டறப்ப மம்முட்டி புடிச்சவன் நானு. கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரையே பின்னால போடுவியா?"

செல்போன் அடித்தது. ரோஸ்மேரி.

"பூபாலன், மெயில் எங்க?"

"மாடியில சின்னப் பிரச்சினைங்க மேடம்."

"என்ன பிரச்சினை?"

சமாளிக்கத் தெரிந்தவன் என்றால் நெட்வொர்க் கோளாறு என்றிருப்பான். பூபாலனுக்கு அது வராது. "யார் பேரு மொதல்லங்கறதுல சண்டைங்க. ஆர்டரே வேண்டாம்னு எந்திரிச்சுருவாங்களோன்னு பயமா இருக்குதுங்க."

மறுமுனையில் குரல் இறங்கி வந்தது. "உறுதியாயிடுச்சுன்னு நான் ஜெர்மனிக்குச் சொல்லிட்டேனே!"

பூபாலன் மூவரையும் பிசிசியில் ஒளித்தான். அதில் போட்டால் யார் பேரும் யார் கண்ணிலும் படாது.

"எம் பேரே காணமுங்களே?" என்றார் தவசியப்பன், எதையோ மென்றுகொண்டே. "கொல்லப்பக்கம் உக்கார வெச்சுச் சோறு போடறீங்களா?"

கடைசியாக ஒரு தந்திரம் செய்தான். மூன்று தாள். அவரவர் தாளில் அவரவர் பேர் முதலில். மூக்கம்மாள் மேலே போய்ச் சேர்ந்ததும் மாரப்பன் கூப்பிட்டார்.

"சம்பந்தி தாளுல அவரு பேரு மொதல்லயாமே?"

ஒரு அறைச் செய்தி அடுத்த அறைக்கு அதற்குள் எப்படித் தாவியது? யோசிக்கவா நேரம்? மணி ஐந்தாகப் போகிறது. மறுபடி ரோஸ்மேரி.

"இன்னுமா சண்டை?"

"இப்ப மூணு கட்சி ஆயிருச்சுங்க மேடம்." "என்ற வேலை போச்சுங்க."

"என் வேலையும் சேர்ந்து போகும்! பெரியவர்கிட்ட சொல்லுங்க, அவர் கேட்ட ரெண்டு வாரம் குடுத்தாச்சு. இப்பவே எழுதி அனுப்பறேன். யார் பேரையாவது போட்டு மெயிலை அனுப்பச் சொல்லுங்க, சாமி!"

அவள் மெயில் வந்து விழுந்ததும் பூபாலன் மாடிக்குச் சொன்னான்.

"அப்புடீங்களா" என்றார் மாரப்பன், யாரோ தூரத்து ஊரில் மழை பெய்ததைக் கேட்டவர்போல. "மொதல்ல அடிச்சியே, சிசி, அதையே ரெண்டு வாரம் சேத்தி அனுப்பிரு கண்ணு. நகலுன்னா என்ன, நல்லாத்தான் இருக்குது."

பூபாலன் பொத்தானை அமுக்கிவிட்டு நாற்காலியில் சரிந்தான். மூக்கம்மாள் இந்தத் தடவை மான்போலப் படியிறங்கி வந்து, ஒரு தட்டை மேசைமேல் வைத்தாள். அதில் இரண்டு பஜ்ஜி.

"உனக்குக் குடுக்கச் சொன்னாக தம்பி."

"அதிருக்கட்டும் அக்கா. மேல சண்டை எப்படித் தீந்துச்சு?"

"சண்டையா? மத்தியானத்துலேருந்து மூணு பேரும் ஒரே ரூம்ல ஒரே தட்டுல பஜ்ஜியில்ல தின்னுக்கிட்டு இருக்காக! 'மெதுவா நட மூக்கம்மா, பூபாலன்கிட்ட மூச்சு விட்றாத, அவனுக்குப் பொய் சொல்ல வராது'ன்னு காலையிலயே சொல்லிப்புட்டாகளே!"