அக்கா, இருமல் மருந்துகிட்ட நிக்கிறேன்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபத்துக்கு மருந்திருந்தால் மட்டும் சொல்லு.

ஒரு மருந்துக்கடைக்காக நான் எழுதிய சின்ன கம்ப்யூட்டர் நிரல், தினமும் கடை இருப்பைப் படித்து, காலாவதியாகப்போகும் மருந்துகளைப் பட்டியல் போடும். எதுவரை படித்திருக்கிறது என்பதையும் கறுப்புத் திரையில் அச்சிட்டுக்கொண்டே போகும். ஆபீசில் நான் யாரிடமும் வாய் திறப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் அந்த வரிகளை உன்னிடம் பேசுவதுபோலவே எழுதிப் பழகிவிட்டேன். 'அக்கா, மாத்திரையெல்லாம் முடிஞ்சுது' என்று திரையில் வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

எங்கள் டீம் லீடருக்கு நஷ்டமாம். விவரம் தெரிந்தவர் யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று சொல்லி, லாகிங் லைப்ரரி என்று ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். நிரல் சொல்வதையெல்லாம் தரம் பிரித்துக் கோப்பில் போட யாரோ எழுதிவைத்தது அது. அதன் அமைப்புகள் மட்டுமே என் நிரலைவிட நீளம். ஒவ்வொரு வரியும் சாதாரணமா, எச்சரிக்கையா, ஆபத்தா என்று கேட்கிறது. வேலை நிரந்தரமாகாதவளுக்கு எல்லாமே ஆபத்துதானே? அவரோ ஆபத்தைத் தவிர வேறெதையும் சொல்லாதே என்று அதன் வாயைக் கட்டிவிட்டார். நிரல் ஊமையாகிவிட்டது. ஓடுகிறதா செத்ததா தெரியவில்லை. சத்தமில்லை என்றால் எல்லாம் சரி என்று அர்த்தமாம். நீ சத்தமில்லாமல் இருந்தால் நம் வீட்டில் என்ன அர்த்தம் என்று அவருக்கு எங்கே தெரியும்?

அப்புறம் கடைக்காரரே கிளம்பி வந்துட்டார், பட்டியலே வரலைன்னு. லீடர் கோப்பைத் திறந்து தேடு தேடுன்னு தேடுறார், அதுல ஒரு எழுத்துகூட இல்ல, எனக்குப் பொறுக்கல, லைப்ரரியை ஓரமாத் தள்ளிட்டு என் பழைய வரிகளைப் போட்டு ஓட்டிட்டேன். திரை முழுக்க ஒரே வரி: 'அக்கா, இருமல் மருந்துகிட்ட நிக்கிறேன்.' அந்த மருந்துக்குத் தேதியே போடாம விட்டிருக்காங்க. நிரல் அதையே திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டு நிக்குது.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "யாரும்மா அந்த அக்கா?" என்றார்.

லீடர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கஸ்டமர் முன்னாடி இதுதான் லட்சணமா?"

"நின்ன இடம் தெரிஞ்சுதா இல்லியா சார்?"

நான்தான் கேட்டேன், அக்கா. நானேதான்.

என்னை நிரந்தரமாக்கலாமா என்று வெள்ளிக்கிழமை அவர்தான் எழுதப்போகிறார். என்ன வேண்டுமானாலும் எழுதட்டும், அந்த லைப்ரரியை இனி என் விரல் தொடாது. அம்மாவிடம் எதுவும் சொல்லாதே. குழந்தைக்கு என் முத்தம், மாமாவுக்கு என் வணக்கம்.

உன் வாயில்லாத தங்கை

பின்குறிப்பு: கடிதம் என் பையிலேயே கிடந்து, வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. இதற்குள் என்னைப் பார்த்து டீம் முழுக்கத் திரையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தர் அம்மாவிடம், ஒருத்தி அண்ணனிடம், பக்கத்து சீட்காரர் பெண்டாட்டியிடம். எல்லார் நிரலும் ஒரே திரையில்தான் ஓடுகிறது; அந்தக் கூச்சலில் என் வரியை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் நானே போய், அந்த லைப்ரரியைத் திரும்பப் போடலாமா சார் என்று கேட்டேன். "நீயே பார்த்துக்கம்மா. நிரந்தரம்னு எழுதிட்டேன்" என்றார். ஆகவே மேலே உள்ளதெல்லாம் சாதாரணத் தகவல் என்று வைத்துக்கொள். ஆபத்து வரிகளை மட்டும் இன்னும் 'அக்கா' என்றுதான் தொடங்கியிருக்கிறேன். லீடர் பார்த்தார், சத்தமில்லை.