போர்ட்டிக்கோ விசயமாக அக்காவுக்கு

கிரான்,
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்புக்குரிய அக்கா இரத்தினம்மா அவர்களின் பாதம் தொட்டு, உங்கள் ஒரே தம்பி சாமித்தம்பி எழுதிக்கொள்வது. கண்ணகை அம்மன் கிருபையால் இங்கே நாங்களும் மாடு கன்றுகளும் சுகம். வெல்லாவெளியில் நீங்களும் அத்தானும் மருமகன் மதுஷனும் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டுமென்று விளக்கு வைத்துக் கேட்டிருக்கிறேன். அத்தானின் முழங்கால் இப்போது மடங்குகிறதா?

நீங்கள் போனை எடுக்காததால்தான் இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதையெல்லாம் நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று நீலக்கோடு விழுந்திருக்கிறது, பதிலைத்தான் காணோம். கடிதத்துக்கு நீலக்கோடு விழாது. ஆகவே இதை நிம்மதியாக வாசித்துவிட்டு, வாசிக்கவே இல்லையென்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம்.

அன்றைக்கு நீங்கள் வீடு பார்க்க வந்து, ஊற்றி வைத்த பிளேன்டீயைத் தொடாமல் எழுந்து போனது எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. பெண்ணுக்கு வீட்டைக் கட்டி, அந்த வீட்டில் மாப்பிள்ளையைக் குடிவைப்பது நம்முடைய வழமை. மகன் குடியிருக்கப் போகும் வீட்டைத் தாய் வந்து பார்ப்பதில் குற்றமே இல்லை. நீங்கள் முற்றத்தில் நின்று, “போர்ட்டிக்கோ எங்க தம்பி?” என்றுதான் கேட்டீர்கள். என்னைத்தான் கேட்டீர்கள். வாய் திறந்தவள் என் மகள் கஜானி.

“மாமி, மச்சானிட்ட கார் இருக்கா?”

“இப்ப இல்ல. மறுகா வாங்குவான்.”

“அப்ப மறுகா கட்டுவம் மாமி.”

அக்கா, அது வாய்க்கொழுப்பில்லை, அவள் படிக்கிற படிப்பு அப்படி. முதலில் நானும் அவள் எஞ்சினியருக்குப் படிக்கிறாள் என்றுதான் வயல் வட்டையில் நின்ற எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் என்னை இருத்தி விளக்கினாள். “அப்பா, கட்டிடம் விழாமப் பாக்குறது எஞ்சினியர். கட்டுறவர் விழாமப் பாக்குறது நாங்க.” அதாவது ஒரு வீட்டுக்கு எவ்வளவு கல், எவ்வளவு மணல், எத்தனை ஆள் வேலை என்று அத்திவாரம் வெட்டுமுன்பே அளந்து, செலவு கட்டுமீறாமல் கடைசிவரை பிடித்துக்கொண்டு போவது. கியூ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இப்படி ஒரு படிப்பு நம்முடைய அப்பா காலத்தில் இருந்திருந்தால் நம் ஊரில் பாதி வீடுகள் கூரையில்லாமல் நின்றிருக்காது. முதல் வருசம், இங்கிலீசில் நடத்துவது ஒன்றும் விளங்கவில்லை, திரும்பி வரப்போகிறேன் என்று போனில் தேம்பித் தேம்பி அழுத பிள்ளை அவள். இப்போது எனக்கே பாடம் எடுக்கிறாள். பெற்ற பெருமை நெஞ்சு கொள்ளவில்லை, அக்கா.

போன லீவில் வந்தபோது ஓட்டமாவடியிலிருந்து கச்சி முகம்மது நானா டிப்பரில் மணல் கொண்டுவந்தார். பிள்ளை பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு டிப்பரில் ஏறிவிட்டாள். மணலை மட்டமாக்கச் சொல்லி, கம்பியைக் குத்தி ஆழம் பார்த்து, ஈர மணல் பொங்கி நிற்கும், காய்ந்தால் இறங்கிவிடும், அதையும் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டுமென்று மேலே நின்று சொல்கிறாள். நானா கோபிக்கப் போகிறார் என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன், அவரோ, “மகள், பாத்து எறங்குங்க, உழுந்திரப் போறீங்க” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, “சாமித்தம்பி, நம்மட மகள் அம்னாட ஊடும் அரைவாசியில நிக்கிது, இந்தப் புள்ளய ஒருக்கா அங்கயும் அனுப்புங்க” என்றார். அனுப்பினேன். போய் அளந்துவிட்டு, வாங்க இருந்த ஓட்டில் பாதியைக் குறைத்துவிட்டு வந்தாள். மறுநாள் நானா வீட்டிலிருந்து தயிர்ச்சட்டிகள் வந்து இறங்கின, எங்கள் வீட்டில் இரண்டு நாளாகச் சோற்றுக்குக் கறியே வைக்கவில்லை.

இந்தப் பெருமை தலைக்கேறியதால் நான் பட்ட பாட்டையும் கேளுங்கள். உன்னிச்சையில் என் மனைவியின் தங்கை பிரஷாந்தியின் புது வீட்டுக் குடிபூரலுக்குப் போனபோது, கஜானியின் அளவு நாடாவை மடியில் செருகிக்கொண்டு போனேன். சும்மா இருக்கக் கூடாதா? பந்தி போடுமுன் விறாந்தையை நீளமாகவும் அகலமாகவும் அளந்து, “ஆத்தே, எவ்வளவு பெரிய விறாந்தை! இதுக்கு எவ்வளவு கல்லுப் போயிருக்கும்!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். புது வீட்டை நாடா போட்டு அளந்து கண்ணூறு வைத்தவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவன்தானாம். நான் செருப்பைப் போடுமுன்பே உள்ளே கண்ணூறு கழிக்கச் செத்தல் மிளகாய் எரிகிற மணம் வந்தது. தும்மிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து நாடாவை என் மனைவி எங்கே ஒளித்து வைத்திருக்கிறாளென்று தெரியவில்லை. சோறு மிஞ்சினால், “சேதாரம் கூடிப்போச்சு” என்று நான் சொல்வதையும் நிறுத்தச் சொல்லிவிட்டாள். நிறுத்தாவிட்டால் சமைப்பதை அவள் நிறுத்துவாளாம்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். ஆவணியில் கலியாணம், அதற்குமுன் போர்ட்டிக்கோ, இரண்டில் ஒன்று தவறினாலும் மதுஷனுக்கு வேறு இடம் என்று அத்தானிடம் சொல்லியனுப்பியிருந்தீர்கள். மதுஷன் தங்கமான பிள்ளை. அவன் இந்த வீட்டுக்கு வராமல் வேறு வாசலில் ஏறினால் எனக்கு ஒரு கை ஒடிந்த மாதிரித்தான் இருக்கும். ஆனாலும் அக்கா, என் மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருசம் கிடக்கிறது. அவளிடம் கேட்டேன். “மச்சானப் புடிக்காதெண்டு நான் சொல்லல்ல. படிப்ப முடிச்சிற்று வாறன், அதுவரைக்கும் நிக்கச் சொல்லுங்க” என்றாள். நியாயம்தானே? ஆகவே ஆவணி இல்லை. போர்ட்டிக்கோவும் இல்லை. என் மகள் போட்ட கணக்குக்கு மேல் இந்த வீட்டில் ஒரு கல் ஏறாது. இது தம்பி சாமித்தம்பியின் முடிந்த முடிவு, யார் வந்து சொன்னாலும் மாறாது.

அத்தானுக்கு என் வணக்கம். மதுஷனுக்கு மாமனின் ஆசி. உங்கள் கோபம் தணிந்து, வீடு நிறைய நெல்லும் வாய் நிறையச் சிரிப்புமாக நீங்கள் நீடு வாழ அம்மன் அருள்வாளாக.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் தட்டாத தம்பி,
சாமித்தம்பி.

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளதை எழுதி ஒட்டிய பிறகுதான் யோசித்தேன். பிறந்த நாளிலிருந்து உங்களுக்கு நான் ‘இல்லை’ என்று சொன்னதில்லையே. கஜானி கொழும்பு பஸ் ஏறியதும் ஏறாததுமாக, மேசன் வினாயகமூர்த்தியிடம் போய், “தம்பி, புள்ளைக்குத் தெரியாம முன்னுக்கு ஒரு போர்ட்டிக்கோ இழுக்க ஏலுமா?” என்று மெல்லக் கேட்டேன். மனுசன் கையிலிருந்த சாந்தகப்பையை வைத்துவிட்டுச் சிரிக்கிறான்.

“அண்ணன், அந்தத் தறப்பாளுக்குக் கீழ கிடக்கிற கல்லெல்லாம் என்னத்துக்கெண்டு நினைச்சயள்? போகக்குள்ள புள்ள சொல்லிற்றுத்தான் போனா. எதிர்பாராத செலவெண்டு ஒண்டு எல்லாக் கட்டிடத்துக்கும் ஒதுக்கி வைக்கிறதாம். இந்தக் கட்டிடத்துக்கு அது அப்பாவாம். மாமிக்குப் பயந்து எப்படியும் வந்து கேப்பாரெண்டு சொன்னா.”

ஆகவே அக்கா, போர்ட்டிக்கோ வருகிறது. திங்கட்கிழமை அத்திவாரம் வெட்டுகிறார்கள். கொஞ்சம் துணிவு வந்து, “ஆவணிக்கும் ஏதும் ஒதுக்கி வைச்சிருக்காளா?” என்றும் அவனிடம் கேட்டுப் பார்த்தேன்.

“இல்ல அண்ணன். படிப்பு முடியிறதுக்கு முன்னுக்கு ஒரு நாளும் இல்லையாம். அத மாமியிட்ட அப்பாதான் வாய் திறந்து சொல்லணுமாம்.”

சொல்லிவிட்டேன், அக்கா.