கல்லுமலைக் கருமண்

இந்நாட்டின் மண் விஞ்ஞானம் எங்கே பிறந்தது என்று கேட்டால் பல்கலைக்கழகத்தார் ஒரு கட்டடத்தைக் காட்டுவார்கள். அது பிழை. அது பிறந்தது தெரணியகலைப் பக்கம் கல்லுமலைத் தோட்டத்தில், மருதாயியின் இடுப்பில். முந்திய நாள் முழுக்கக் குழி வெட்டிவிட்டு, காலையில் நிமிர முடியாமல் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றபோது அந்த இடுப்பில் விண்விண் என்று தெறித்ததே, அதுதான் நமது மண்ணியலின் முதல் நாடித்துடிப்பு. வயிற்றிலும் வெறும் தேயிலைச் சாயத்தண்ணீர்தான். ஆராய்ச்சிக்கு வெறும் வயிறு நல்லது என்பார்கள். அது அடுத்தவருடைய வயிறாக இருந்தால் இன்னும் நல்லது.

அதற்கு முன் மண்ணியலே இல்லையென்று சொல்லிவிட முடியாது. 1963இல் மண்ணுக்கென்று தனியாக ஒரு துறை திறந்தார்கள். மூன்றாம் மாடியில் திறந்தார்கள். மண்ணை உயரத்திலிருந்து பார்த்தால்தான் அதன் முழுமை விளங்கும் என்பது பேராசிரியர் சண்முகநாதனின் கொள்கை. அவரிடம் படித்த பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ருஷ்யாவின் கரிசல் மண்ணை அடுக்கடுக்காக ஒப்பிப்பார்கள். சொந்த ஊர் மண்ணைப் பற்றிக் கேட்டால் "சிவப்பு" என்பார்கள். செருப்பில் சேறு ஒட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்த ஒரு மாணவனைப் பேராசிரியர் வாசலோடு திருப்பி அனுப்பினார் என்றும் ஒரு பேச்சு உண்டு. துறை அவ்வளவு சுத்தமாக நடந்தது.

அந்தச் சுத்தத்தில் 1974ஆம் ஆண்டு வந்து விழுந்தது. பங்கீட்டுக் கூப்பன் மா குறைந்தது. அரிசியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எல்லாரும் கிழங்கு நடுங்கள் என்றது அரசாங்கம். எந்த மண்ணில் நடுவது என்று பல்கலைக்கழகத்தைக் கேட்டது. அத்தனை படி ஏறி வந்த முதல் கேள்வி அது. துறை திகைத்துப்போய், வேறு வழியில்லாமல் ஜீப் பிடித்து இறங்கி வந்தது.

ஜீப்பில் மூன்று பேர். பேராசிரியர் சண்முகநாதன், தலையில் தொப்பி. உதவி விரிவுரையாளர் காளிதாஸ், இரத்தினபுரிக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகன், கையில் மண்ணின் நிறம் பார்க்கும் அட்டைப் புத்தகம். ஒரு சிங்களச் சாரதி, கையில் ஒன்றுமில்லை. அதனால் அவருக்குத்தான் பசி நன்றாகத் தெரிந்தது.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை நாகலிங்கம், ரப்பர் பால் வெட்டப் போக இருந்த மருதாயியையும் அவள் புருஷன் ஐயாவுவையும் மறித்தார். "இன்னைக்கிப் பால் வெட்டு வேணாம். கம்பஸ் சாருமாருக்குக் குழி வெட்டணும். பேர் போடுறேன்" என்றார். பேர் என்றால் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் ஒரு நாள் வேலை. வெட்டினார்கள். ஆளுயரக் குழி. மலையுச்சியில் ஒன்று, சரிவில் ஒன்று, ஆற்றோரம் ஒன்று. பேராசிரியர் ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்த்துச் "சிவப்பு" என்றார். காளிதாஸ் அட்டைப் புத்தகத்தைப் புரட்டி, "ஆம் சேர், சிவப்புத்தான்" என்று உறுதிப்படுத்தினார். விஞ்ஞானத்தில் இரண்டாவது ஆளின் சாட்சி முக்கியம்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பேராசிரியர் கை கழுவ லயத்தின் பின்பக்கம் போனார். அங்கேதான் மருதாயியின் மரவள்ளிப் பாத்தி இருந்தது.

பாத்தியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்த மண் மருதாயி தாலி கட்டி வந்த நாளிலிருந்து சேர்த்த மண். மாட்டுப்பட்டிச் சாணி, லயத்து அடுப்புகளின் சாம்பல், வாய்க்காலில் அள்ளிய வண்டல். அதோடு இன்னொன்றும் உண்டு. ரப்பர் மரத்துக்கு உரம் போடும் நாட்களில் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கின் மடிப்புக்குள் ஒரு கையளவு ஒளித்துக்கொண்டு வருவாள். தோட்டத்து உரம். பிடிபட்டால் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். கையளவு கையளவாக வருஷக்கணக்கில் சேர்ந்ததில் பாத்தி மை மாதிரிக் கறுத்திருந்தது. மரவள்ளி தோளுக்கு மேலே நின்றது. இன்னும் ஒரு மாதத்தில் கிழங்கு முற்றும். ஐயாவுக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. பசி வீக்கம். லயத்தில் அது யாருக்கும் புதிதில்லை. அந்த ஒரு மாதத்தைக் கடத்திவிட்டால் ஆள் தேறிவிடுவார் என்று மருதாயி நம்பியிருந்தாள்.

பேராசிரியர் கை கழுவவில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்தார், நசுக்கினார், முகர்ந்தார். அப்புறம் கொஞ்சம் நாக்கில் வைத்தார்.

"ஐயோ சார்! வாயில வைக்காதீங்க!" என்று மருதாயி ஓடி வந்தாள். பட்டிச் சாணி போதாத நாட்களில் அந்தப் பாத்திக்கு வேறு என்னென்ன போனது என்று அவளுக்குத்தானே தெரியும்.

"பயப்பிடாதையுங்கோ பிள்ளை. மண்ணை நாக்காலதான் வாசிக்க வேணும்" என்றார் பேராசிரியர், கண்ணை மூடிச் சுவைத்தபடி. "காளிதாஸ்! ஓடி வாரும்! முப்பது வருஷமாப் புத்தகத்தில படிச்ச மண். கடைசியில கண்டிட்டன்!"

நாகலிங்கமும் சத்தம் கேட்டு வந்துவிட்டார்.

"இந்த மண் எப்பிடிப் பிள்ளை இவ்வளவு கறுப்பாக் கிடக்கு?"

மருதாயி கணக்கப்பிள்ளையைப் பார்த்தாள். கணக்கப்பிள்ளை அவளுடைய படங்குச் சாக்கைப் பார்த்தார்.

"அது அப்பிடித்தாங்க கெடக்கு" என்றாள்.

"எப்ப துவக்கம்?"

"எப்பவுமேங்க. வெள்ளைக்காரத் தொரை காலத்துலேருந்து."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு மொதல்ல காடுங்க."

"கேட்டீரோ காளிதாஸ்? கன்னி மண்! ஆதிவனத்து மிச்சம்! மனுசக் கை படாத மண்!"

காளிதாஸ் குனிந்து கிளறினார். கடைத்தெருவில் வளர்ந்தவர். வீட்டுக் கொல்லையில் அம்மா சாம்பல் கொட்டுவதைப் பார்த்தவர்.

"சேர், இதுக்குள்ள கரி கிடக்குது."

"புராதனக் காட்டுத் தீ."

"கண்ணாடி வளையல் துண்டு ஒண்ணும் இருக்குது சேர்."

பேராசிரியர் சற்று யோசித்தார். "புராதனக் குடியிருப்பு. தொல்பொருள்காரருக்கு ஒரு கடிதம் எழுதுவம்."

காளிதாஸ் நிமிர்ந்து மருதாயியின் கையைப் பார்த்தார். அதே நிற வளையல். பிறகு பேராசிரியரைப் பார்த்தார். அந்த வருஷம் அவருடைய பதவி நிரந்தரமாவதற்குப் பேராசிரியரின் ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. "புராதனம்தான் சேர்" என்றார்.

குழி பாத்தியின் நடுவில் வெட்டப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. ஓரத்தில் வெட்டினால் போதாதா என்று கேட்பது பாமரத்தனம்.

"சார், ஒரு மாசம் பொறுத்துக்கங்க சார்" என்றாள் மருதாயி. "கெழங்கு இன்னும் முத்தல. எடுத்துக்கிட்டு நாங்களே வெட்டித் தாறோம். வூட்டுக்காரருக்கு மேலுக்குச் சொகமில்லைங்க. பாருங்க காலை."

ஐயாவு தன் காலைக் காட்டினார். பேராசிரியர் இரக்கத்தோடு பார்த்தார். அவர் நல்ல மனுஷர்.

"விளங்குது பிள்ளை. ஆனா ஆவணியில மாநாடு. நாட்டுக்கே சோறு போடப்போற மண் இது. ஒரு மாசம் பிந்தினா நாட்டில எத்தினை பேர் பட்டினி கிடப்பினம், சொல்லுங்கோ?"

மருதாயி பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தாள். "சார், மெய்யாச் சொல்றேன், அது சாணி போட்ட மண்ணுங்க."

"சாணி எண்டா எங்களுக்குத் தெரியாதே?" என்று சிரித்தார் பேராசிரியர். "உரம் இருந்தா மெசின் சொல்லும். சும்மா பயப்பிடாதையுங்கோ."

உரம் என்ற சொல் விழுந்ததும் நாகலிங்கம் செருமினார். மருதாயி வாயை மூடிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள்.

தன் பாத்தியைத் தானே வெட்டியதற்கு அவளுக்கு அரைப் பேர் கிடைத்தது. மண் மிருதுவாக இருந்ததால் முழுப் பேர் தர நியாயமில்லை என்றார் நாகலிங்கம். கரு மண் சாக்குச் சாக்காக ஜீப்பில் ஏறியது. விரல் தடிப்பில் பிடுங்கப்பட்ட பிஞ்சுக் கிழங்குகளைக் காளிதாஸ் அளந்து, 'பயிர் மாதிரி' என்று சீட்டுக் கட்டி அவற்றையும் ஏற்றினார். தழையை மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். தழையையும் சுண்டித் தின்னலாம், லயத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தக் கிழங்குகள் அன்று மாலையே அவர்கள் தங்கியிருந்த தங்கல்மனையில் தீவிரமாகப் பரிசோதிக்கப்பட்டன. தேங்காய்ச் சம்பலோடு. இதை மருதாயிக்குச் சொன்னவர் சாரதி, அடுத்த தடவை வந்தபோது. "ஹரி ரசய் நங்கி" என்று நாக்கைச் சப்புக்கொட்டிக் காட்டினார். அவ்வளவு ருசியாம். பல்கலைக்கழகத்திலிருந்து அவளுக்குக் கிடைத்த ஒரே நேர்மையான ஆய்வறிக்கை அது.

அந்த அடுத்த தடவைக்குள் ஐயாவு போய்விட்டார். வீக்கம் காலிலிருந்து வயிற்றுக்கு ஏறியது. கடைசி வாரத்தில் "புள்ள, கெழங்கு அவிச்சிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே கிடந்தார். "அவியுதுங்க" என்று வெறும் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள் மருதாயி. தோட்டத்து மருந்துக்காரர் வாதம் என்று எழுதினார். பட்டினி என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை.

மண்ணியல் இதற்கெல்லாம் தளரவில்லை. 'கல்லுமலைக் கருமண்' மாநாட்டில் வெளியிடப்பட்டது. பொஸ்பரஸ் அதிகமாக இருப்பதை மெசின் சொன்னது. தோட்டத்து உரத்தில் இருப்பதும் அதே பொஸ்பரஸ் என்பதை மெசின் சொல்லவில்லை. மெசினிடம் யாரும் கேட்கவுமில்லை. பேராசிரியர் பல்கலைக்கழகத்தில் பீடாதிபதியானார். காளிதாஸ் ஒரு பெட்டி மண்ணோடு கப்பலேறி, டாக்டர் காளிதாஸாகத் திரும்பினார்.

அடுத்த கேள்வி, இந்த மண் வேறெங்கே இருக்கிறது? கேகாலையிலும் இரத்தினபுரியிலும் மாணவர்கள் அலைந்து திரிந்து ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். அரநாயக்காவிலும் இருந்தது. மாவனல்லைப் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்தது. எல்லா இடத்திலும் லயத்தின் பின்புறத்தில் மட்டுமே இருந்தது.

இதற்குப் பேராசிரியர் தந்த விளக்கம் இன்றும் பாடத்தில் உண்டு. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் மண் நோட்டத்தில் கெட்டிக்காரர்கள். ஆகச் செழித்த மண் எங்கே என்று தேடி, அதன் ஓரத்தில் பார்த்துப் பார்த்துத் தொழிலாளிக்கு லயம் கட்டிக் கொடுத்தார்கள். லயத்தின் ஒற்றைக் காம்பராவில் எட்டுப் பேர் படுத்ததற்கும் இதுதான் காரணம். நல்ல மண்ணை வீட்டுக்கு வீணாக்கக் கூடாதல்லவா?

இவ்வளவு அருமையான மண்ணைத் தொழிலாளிகள் கிழங்கு நட்டுக் கெடுப்பதைத் துறை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பாத்திகளைச் சுற்றி முள்கம்பி வந்தது. 'ஆய்வு ஒதுக்குநிலம், தொடாதீர்' என்று பலகை வந்தது. தமிழ் மூன்றாவதாக, சின்ன எழுத்தில். வருஷா வருஷம் மாணவர்கள் பஸ்ஸில் வந்து மருதாயியின் பாத்திக் குழியில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். மேலே நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

1983 தொடக்கத்தில் துறைக்கு இருபதாவது ஆண்டு விழா ஏற்பாடாயிற்று. கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் புது மண் எடுக்க டாக்டர் காளிதாஸ் சொந்தக் காரில் வந்தார். குழிக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அட்டைப் புத்தகத்தை எடுத்தார், புரட்டினார். தேவையே இல்லை. சிவப்பு.

"என்னம்மா இது? கறுப்பு மண் எங்க? என்ன செஞ்சீங்க?"

"நாங்க ஒண்ணுமே செய்யலைங்களே" என்றாள் மருதாயி. "அதாங்க இப்பிடி."

நாகலிங்கம் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய் வருஷங்களாகியிருந்தன. இனி அவளுடைய பேரை வெட்ட ஆளில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சாணி, சாம்பல், படங்குச் சாக்கு, கையளவு உரம், உடைந்த வளையல் வரைக்கும்.

டாக்டர் காளிதாஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். முன்பு நாகலிங்கத்துக்குப் பயந்து அவள் பார்த்த அதே பார்வை.

"அம்மா, இத வேற யாருகிட்டயும் சொன்னீங்களா?"

"இல்லைங்க."

"சொல்லிறாதீங்க. உங்களக் கும்புட்டுக் கேக்குறேன். பத்து வருஷத்துப் படிப்பும்மா. எத்தன பேரு பட்டம், எத்தன பேரு உத்தியோகம்... எல்லாம் இந்தக் குழியில நிக்குது."

"ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுந்தானே சார்? எங் கைய ஒரு பார்வ பாத்தீங்களே."

அவர் அட்டைப் புத்தகத்தை மூடினார். "உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க. துறையில பேசி எதாச்சும் செய்யலாம்" என்றார்.

"எங்கிட்ட எடுத்துக்கிட்டுப் போனதக் குடுத்துருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"அந்த மண்ணா? அது எல்லாம் பரிசோதனையில..."

"மண்ணு இல்லைங்க. மண்ண நாங்க திருப்பி உண்டாக்கிக்குவோம். கெழங்கு."

டாக்டர் காளிதாஸ் காரில் ஏறினார். "பாப்போம்" என்றார். துறையின் நடவடிக்கைகளில் இச்சொல் ஒரு தீர்மானத்துக்குச் சமம்.

விழா சிறப்பாக நடந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கிருந்தோ ஒரு கரு மண் வந்து சேர்ந்தது. பீடாதிபதி சண்முகநாதன், "இந்த மண்ணுக்கு நாங்கள் பட்ட கடனை ஏழு பிறப்பிலும் தீர்க்க ஏலாது" என்றார். மண்டபம் கை தட்டியது.

மண்ணின் கடன் ஏழு பிறப்புக்கு அப்பால் இருக்கட்டும். இந்தப் பிறப்பில் பல்கலைக்கழக மண்ணியல் துறை, கல்லுமலைத் தோட்டம் மருதாயிக்கு ஒரு பாத்தி மரவள்ளிக் கிழங்கு தர வேண்டும். ஐயாவு தின்ன வேண்டிய கிழங்கு. இன்னும் தரவில்லை.