மூன்றாவது செயலி

பாளையக்காரர்களைக் கேட்டால் நாய்க்குட்டி வந்தது.

ராஜபாளையத்திலிருந்து பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கு வந்து, எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறவள் செல்லக்கனி டீச்சர். இணையத்தில் கிடக்கும் பாடங்களைத் தேடித் தொகுத்துத் தரும் செயலிகள் மூன்றை வகுப்பில் போட்டுப் பார்த்து, எது தேவலை என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருந்தார் தலைமையாசிரியர் தங்கச்சாமி. தவறினால் வரலாறு கம்ப்யூட்டர் சார் கௌதம்ராஜுக்குப் போய்விடும். பதினாறு வருசமாகத் தொண்டை கிழியக் கத்தி வளர்த்த பாடம்! விடுவாளா?

திங்கட்கிழமை, முதல் செயலியில் ‘பாளையக்காரர்’ என்று அடித்தாள். ‘ராஜபாளையம் நாய்க்குட்டி வளர்ப்பது எப்படி’ என்று அரை மணி நேரம் ஓடியது. பிள்ளைகள் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை, திரை பளிச்சென்று தெரியட்டும் என்று, வெளியே வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த பள்ளி ஆயா சுந்தரம்மாளின் முகத்துக்கு நேரே சன்னலைச் சாத்தினாள். இரண்டாவது செயலியில் பாடம் ஒழுங்காகத்தான் வந்தது. இருட்டில் பாதி வகுப்பு தூங்கிவிட்டது. அதற்கும் ஐந்து நட்சத்திரம்.

“தூங்கிட்டு எதுக்குலே அஞ்சு ஸ்டார்?”

“அது கேள்வியே கேக்கலையே டீச்சர்!” என்றான் விமல்.

இந்த நட்சத்திரத்தை நம்பினால் நடுத்தெருதான் என்று பரீட்சை வைக்கத் தீர்மானித்தாள்.

புதன்கிழமை மூன்றாவது செயலியைத் தொட்டாள், கரண்ட் போனது. எலக்ட்ரீஷியன் வினோத் வருவதற்குள் மணி அடித்தது, கரண்ட்டும் வந்துவிட்டது. வியாழனும் அதே கூத்து. வேறு வழி? இரண்டு நாளும் சன்னலைத் திறந்துவிட்டு, பூலித்தேவர் கதையை வாயாலேயே நடத்தினாள்.

அன்று மதியமே பரீட்சை. முதல் இரண்டு நாள் பாடத்துக்கு மொத்த வகுப்பும் முட்டை. கரண்ட் இல்லாத பாடத்துக்கு விமல் உட்பட அத்தனை பேரும் இருபதுக்கு இருபது. மூன்றாவதைப் போட்டே பார்க்கவில்லை என்று எழுதினால் பாடம் போய்விடுமே! பயத்தில் அந்த இருபதை மூன்றாவது செயலியின் பேரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

வந்தது வினை. வெள்ளிக்கிழமை தங்கச்சாமி வகுப்புக்கே வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“மூணாவதையே ஸ்கூல் முழுக்க வாங்கிருவோம் டீச்சர். எங்க, போடுங்க பாப்போம்.”

மூன்றாவது செயலியைத் தொட்டாள். கரண்ட் போனது. அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது!

“சரி, அது நடத்துன பாடத்தை யாராச்சும் சொல்லுங்க.”

மாரிசெல்வி எழுந்தாள். பூலித்தேவர் வரி கட்ட மறுத்த கதையை, டீச்சரைப் போலவே கையை வீசி முழங்கித் தள்ளினாள். தங்கச்சாமி வாயைப் பிளந்தார்.

“ஏட்டி, எந்த ஆப் இம்புட்டு நல்லாச் சொல்லிக் குடுத்துச்சு?”

“ஆப் இல்ல சார், டீச்சர்தான். அன்னைக்கும் கரண்ட் இல்ல.”

செல்லக்கனிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தங்கச்சாமி சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது.

“எங்கிட்டயே பொய்க்கணக்கா டீச்சர்? மூணையும் மூட்டை கட்டுங்க. நான் ரிட்டயர் ஆகுத வரைக்கும் வரலாறு ஒங்களுக்குத்தான்!”

வகுப்பே கைதட்டியது. துள்ளாத குறையாக வராந்தாவுக்கு வந்தாள் டீச்சர். சன்னலடியில் விளக்குமாற்றோடு நின்றிருந்தாள் சுந்தரம்மாள்.

“அந்தக் கரண்ட்டுக்குக் கோயிலே கட்டலாம்க்கா!”

சுந்தரம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஃபியூஸ் கட்டையை எடுத்து நீட்டினாள்.

“படம் போட்டா சன்னலை அடைச்சிருதீய டீச்சர். பொறவு நான் எப்படிப் பாடம் கேக்க?”