கல்யாணம் காப்பாற்றப்பட்ட ஞாயிற்றுக்கிழமை

திருமணம் என்னும் புனித ஏற்பாட்டுக்குப் பேராபத்து நேர்ந்துள்ளதாக, அந்த வருடம் பிளம் பழம் உதிரும் பருவத்தில், எங்கள் ஊர் மக்களுக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்டது. தெரிவித்தவர் எங்கள் கோயில் சாமியார் பொம்பிலியு, எங்கள் சபை வழக்கப்படி கல்யாணமானவர். ருமேனியாவின் இந்த மூலையில் திருமணத்துக்கு நாங்கள் அறிந்த ஒரே ஆபத்து, கல்யாண வயதுக்காரர்கள் எல்லோரும் ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போய்விட்டதுதான்.

ஆபத்து அதுவல்லவாம். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளப் பார்க்கிறார்களாம். எங்கள் சட்டத்தில் அதற்கு ஏற்கெனவே வழியில்லை. இல்லாத கதவுக்கு இன்னொரு பூட்டுப் போடலாமா என்று கேட்டு நாடு முழுக்க ஓட்டெடுப்பு, சனியும் ஞாயிறும். பத்தில் மூன்று பேராவது வந்து ஓட்டுப் போடாவிட்டால் மொத்தமும் செல்லாது. ஆகவே ஆள் சேர்ப்பது சாமியார்களின் திருப்பணி என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது.

நான் கல்யாணங்களில் அக்கார்டியன் வாசிப்பவன். திருமணத்தின் மேல் எனக்கும் அக்கறை உண்டு. அது தொழில் அக்கறை. என் தங்கை அக்லாயாவின் மகள் ஸாம்ஃபிராவும் அவள் கட்டிக்கொள்ளப் போகும் த்ராயனும் ஸ்பெயினிலிருந்து வந்திருந்தார்கள். கல்யாணம் அந்த ஞாயிற்றுக்கிழமை. திங்கள்கிழமை பஸ்ஸைப் பிடிக்காவிட்டால் தோட்டத்தில் இருவருக்கும் வேலை இல்லை. மூவருமாகச் சாமியாரிடம் போனோம்.

"ஞாயித்துக்கிழமை எப்படிம்மா முடியும்? கல்யாணத்தைக் காப்பாத்துற வேலை தலைக்கு மேல கிடக்கு."

"எங்களுக்குப் பண்ணி வச்சீங்கன்னா ஒண்ணைக் காப்பாத்துன மாதிரிதானே சாமி?" என்றான் த்ராயன்.

"உன் ஒரு கல்யாணத்துக்காக ஒட்டுமொத்தக் கல்யாணத்தையும் பலி குடுக்கச் சொல்றியா? அடுத்த வாரம் வாங்க."

"அடுத்த வாரம் ஸ்பெயின்ல இருப்போம் சாமி," என்றாள் ஸாம்ஃபிரா.

"பாத்தியா, இதுதான் குடும்பச் சீரழிவுங்கிறது."

ஊர்த் தலைவர் நெக்குலாயிடம் போனோம். எங்கள் வழக்கத்தில் முதலில் தலைவர் பதிவு செய்ய வேண்டும். பிறகுதான் கோயிலில் மணமக்கள் தலையில் சாமியார் மணமுடி வைப்பார். தலைவர் வருத்தத்தோடு கையை விரித்தார்.

"கல்யாணம் பதியிற மண்டபத்துல ஓட்டுப்பெட்டி இருக்கு. ஓட்டுச்சாவடியில வேற எந்தக் காரியமும் நடக்கக் கூடாது. கல்யாணமும் ஒரு காரியம்தானே?"

"உங்க ரூம்ல வச்சுக்கலாமே தலைவரே?" என்றேன்.

"அங்க போலீஸ்காரர் தூங்குறாரு. பாதுகாப்பு ஏற்பாடு."

ஞாயிறு மதியம் வரை திருமணத்தைக் காக்க வந்தவர்கள் சாமியார், சாமியாரின் மனைவி, தலைவர், பென்ஷன் என்னாயிற்று என்று கேட்க வந்த ஒரு விதவை. கோயில் மணி விடாமல் அடித்தது. ஊரோ பிளம் சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தது. பொது அண்டா ஒன்றுதான். முறை தவறினால் அடுத்த முறை எப்போதென்று கடவுளுக்கே தெரியாது. சாமியார் அங்கேயே போய் நின்றார்.

"கல்யாணம் அழியுதுய்யா! எந்திரிச்சு வாங்க!"

"என் கல்யாணம் அழிஞ்சு இருபது வருஷமாச்சு சாமி," என்றான் விறகு தள்ளிக்கொண்டிருந்தவன். "அப்ப யாரும் ஓட்டெடுப்பு வைக்கலியே."

சாமியார் அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு ஓடி வந்தார். கல்யாண ஊர்வலம் வாசலைக் கடந்தால் எங்கள் ஊரில் ஒருவரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். உடன் போகாதிருப்பது மணப்பெண்ணுக்கு அவமரியாதை. அது அவர் நினைவுக்கு வந்துவிட்டது.

"பொண்ணுக்கு உடுப்பைப் போடு. நீ வாசிச்சுக்கிட்டு முன்னால நட. ஊரைக் கூட்டி மண்டபத்துக்குக் கொண்டா. எல்லாரும் ஓட்டுப் போட்டதும் கையோட கல்யாணத்தை முடிச்சிடுறேன்."

ஸாம்ஃபிரா அழுதே விட்டாள், சந்தோஷத்தில்தான். வெள்ளை உடுப்பில் அவள் தெருவில் இறங்கினாள். நான் வாசித்த வாசிப்பில் அண்டாவை அப்படியே விட்டுவிட்டு ஊரே பின்னால் வந்தது. ஊர்வலம் நேரே மண்டபத்துக்குள் நுழைந்தது. உள்ளே போனவர்களெல்லாம் ஓட்டுச்சீட்டில் முத்திரை குத்திவிட்டு வெளியே வந்தார்கள். வாழ்த்துச் சீட்டு என்று நினைத்துக் குத்தியவர்களும் உண்டு. பத்தில் மூன்று என்ன, ஐந்தே தாண்டியது. சாமியாரும் தலைவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"இப்ப நாங்க வரலாமா?" என்றான் த்ராயன்.

"ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாது," என்றார் தலைவர்.

"அவர் பதியாம நான் முடி வைக்க முடியாது," என்றார் சாமியார்.

"அப்ப எங்க கல்யாணம்?"

சாமியார் அவன் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது. "கல்யாணம் காப்பாத்தப்பட்டுடுச்சு தம்பி."

மறுநாள் காலை இருவரும் வந்த மாதிரியே பஸ் ஏறினார்கள். உடுப்பை அவள் பெட்டிக்குள் சுருட்டி அடைத்தாள். நாடு முழுக்கக் கூட்டிப் பார்த்ததில் பத்தில் மூன்று பேர் தேறவில்லை. ஓட்டெடுப்பு செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் ஊருக்கு மட்டும் மேலிடத்திலிருந்து பாராட்டுப் பத்திரம் வந்தது.

பனி உருகும் நேரத்தில் அக்லாயாவின் போனுக்கு ஒரு படமும் வந்தது. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டினாள். ஸ்பெயினில் ஒரு நகராட்சி அலுவலகம். அதே வெள்ளை உடுப்பில் ஸாம்ஃபிரா, பக்கத்தில் த்ராயன், இரண்டு பக்கமும் கோட்டுப் போட்ட இரண்டு ஆண்கள்.

"இவரு ரஃபேல், அங்க பதிவு பண்ற அதிகாரி. காகிதம் ஏதோ குறையுதுன்னு தானே அலைஞ்சு வாங்கிக் குடுத்தாராம். இவரு அவரு கட்டிக்கிட்ட வீட்டுக்காரர். சாட்சி நிக்க யாருமில்லன்னு கடைய மூடிட்டு வந்து நின்னாராம்."

சாமியார் போனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "இந்தக் கல்யாணம் செல்லாது," என்றார்.

"உங்க ஓட்டெடுப்பும்தான் செல்லல சாமி," என்றாள் அக்லாயா.

கோயில் வாசல் குலுங்கச் சிரித்தோம். சாமியார் முகம் போன போக்கைப் பார்த்து நான்தான் உரக்கச் சிரித்தேன். அக்லாயா போனைத் திரும்ப வாங்கிப் பைக்குள் செருகிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"என்ன சிரிப்பு? படத்துல கோட்டுப் போட்ட இந்த ரெண்டு பேருக்கும் கல்யாணமே ஆகக் கூடாதுன்னு, என் பொண்ணு பின்னால மேளதாளத்தோட போய் முத்திரை குத்துனவங்கதானே நீங்க எல்லாரும்? அண்ணே, நீ மட்டும் ரெண்டு கையிலயும் அக்கார்டியன் இருக்குன்னு, இன்னொருத்தன்கிட்டக் குடுத்து வச்சிட்டுல்ல போய்க் குத்துன."