இளைக்காத சக்கரம்

இனிமேல் மனைவியிடம் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். மனம் திருந்தி அல்ல. என் ஹாஜராவிடம் பொய் செல்லுபடியாவதில்லை. நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் முகத்தில் பதில் வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே இந்தத் தடவை பொய்க்குப் பதில் ஓர் உண்மையையே தயார் செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

விஷயம் இதுதான். என் மைத்துனன் சிக்கந்தருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் சூலியா தெருவில் புறப்பட்டு, கொம்பாங் மேளத்துக்குப் பின்னால், அச்சீன் தெரு வரை நடை வேகத்தில் போகும். கார் என்னுடையது. ஓட்டுவதும் நான். பின் சீட்டில் மாமியார். படகுத்துறையில் நாள் முழுக்க வாடகைக்குப் பறக்கிறவன் நான். என்னை நத்தையாக்கி, நத்தையின் முதுகில் மாமியாரையும் ஏற்றினால் எப்படி?

இன்ஜினுக்குப் பின்னால் பிளைவீல் என்று ஒரு கனத்த இரும்புச் சக்கரம் இருக்கிறது. மெதுவாகப் போகும்போது இன்ஜினின் மூச்சு நின்றுவிடாமல் காப்பது அதன் கனம்தான். அதைக் கடைந்து இளைக்கவைத்தால் மிதித்தவுடன் இன்ஜின் சீறும். காலை எடுத்தவுடன் அடங்கும். நடை வேகத்தில் விக்கி விக்கி நின்றேபோகும். படகுத்துறையில் என்னோடு வாடகைக்கு ஓட்டும் ஹனீபாவின் காரை முந்தலாம். ஊர்வலத்துக்கோ ஆகாது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

பினாங் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் வாசுவிடம் போனேன்.

"அண்ணே, பிளைவீலைக் கடைஞ்சு பாதியாக்கிடுங்க."

"நின்னு நின்னு போகும் தம்பி."

"போகட்டும்லா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேலை கொடுத்துவிட்டுக் கல்யாணத்துக்கு அழைக்காமல் இருந்தால் மரியாதையா? வெற்றிலை வைத்து அழைக்கப் போகும்போது வாசு வீட்டுக்கும் போய்வரச் சொன்னேன் ஹாஜராவிடம். நல்ல குணம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு.

கார் திரும்பி வந்தது. சாட்சிக்கு ஒரு டின் நிறைய இரும்புச் சுருளும் வந்தது. மிதித்தேன். சீறியது. அம்பாவது நாணில் கொஞ்சம் யோசிக்கும். என் கார் யோசிக்கவே இல்லை. ஹனீபாவிடம் சொன்னேன். படகுக்காரர்களிடம் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். வீட்டு வாசலுக்கு மெதுவாக வந்தபோது குலுங்கி நின்றும் போனது. கிளட்சை நான் கொஞ்சம் வெடுக்கென்று விட்டிருக்கலாம். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

ஹாஜரா திரிகையில் கல்யாணத்துக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மச்சான், வாசல்லயே நின்னுபோச்சு?"

"பிளைவீலை இளைக்கவச்சிருக்கேன். இனி வேகம்தான். மெதுவாப் போனா நின்னுடும்."

"இந்தத் திரிகைக்கல்லு மாதிரியா? மேல்கல்லு கனமா இருந்தா மொதல்ல தள்ளுறதுதான் பாடு. சுத்த ஆரம்பிச்சுட்டா கையை எடுத்தாலும் சுத்தும். லேசான கல்லு, கையை எடுத்தா நின்னுடும்."

"அதேதான். அதனால ஊர்வலத்துக்கு..."

"நான் ஊர்வலத்தைப் பத்தி இன்னும் கேக்கலையே."

டின்னை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"நீங்க சொல்றதும் சரிதான் மச்சான். ஹனீபா அண்ணன் காரைச் சொல்லிடுறேன். நீங்க பந்தல்ல உக்காந்து சர்பத் குடிங்க. டின்னுல என்ன?"

"சக்கரத்துல கடைஞ்ச சுருளு. சாட்சி."

"நான் சாட்சி கேட்டேனா?" என்று சொல்லி, டின்னை வாங்கி அடுப்படியில் வைத்தாள்.

நம்பிவிட்டாள். கல்யாணமான நாளாக நடக்காத அதிசயம்.

கல்யாண நாள் வந்தது. சர்பத் உதட்டில் பட்ட நேரம் ஹாஜரா வந்து நின்றாள்.

"ஹனீபா அண்ணன் தாசேக் கெலுகோருக்கு வாடகை போயிட்டாராம். நீங்கதான் எடுக்கணும்."

"நடுத்தெருவுல நின்னுடும் ஹாஜரா. ஊரே சிரிக்கும்."

"நின்னா தம்பி நடந்து போறான். ஏறுங்க."

பக்கத்தில் மாலையோடு சிக்கந்தர். பின்னால் மாமியாரும் ஹாஜராவும். கொம்பாங் முழங்கியது. கிளட்சை விட்டேன். கார் நகர்ந்தது. இதோ நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. காலை முழுக்க எடுத்துவிட்டேன். இன்ஜின் தஸ்பீஹ் மணி உருட்டி ஓதுவது போல நிதானமாக முணுமுணுத்துக்கொண்டே போனது. கப்பித்தான் பள்ளிவாசல் பக்கம் ஒரு மாட்டுவண்டி எங்களை முந்தியது. மாடு திரும்பி என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

"மருமவனே, இன்னும் கொஞ்சம் மெதுவா," என்றார் மாமியார். "முன்னால எறும்பு போகுது. அதுக்கு வழி விடுங்க."

கிளட்சை மறுபடி வெடுக்கென்று விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"மச்சான்," என்றாள் ஹாஜரா பின்னாலிருந்து. "வாசல்ல விட்ட மாதிரி விடாதீங்க. தம்பி மூக்கு கண்ணாடியில இடிக்கும்."

என் கால் அப்படியே நின்றது. கார் நிற்கவில்லை.

அச்சீன் தெருவில் எல்லோரும் இறங்கியதும் அவளை ஓரமாக அழைத்தேன்.

"இளைச்ச சக்கரம் எப்படிப் புள்ள நிக்காம வந்துச்சு?"

"அது இளைக்கவே இல்லையே. வெத்தலை வைக்கப் போனப்ப வாசு அண்ணனே கேட்டாரு. 'ஊர்வலத்துக்கு இந்தக் காருதானே தங்கச்சி, அதைப் போய்க் கடையச் சொல்றாரே'ன்னு. பிளக்கை மட்டும் துடைச்சுக் குடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

"அப்ப அம்பு மாதிரி பறந்துச்சே?"

"பறந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"டின்னுல இருந்த சுருளு?"

"அரிசி மில்லுக் கப்பியைக் கடைஞ்சதாம்."

அதற்குள் மாமியார் வந்துவிட்டார். "குலுக்காம கொண்டாந்து சேத்தீங்க மருமவனே. அடுத்து பாகான் டாலாம்ல ஒரு கல்யாணம். நீங்கதான் ஓட்டுவீங்கன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

நான் ஹாஜராவைப் பார்த்தேன்.

"அந்தச் சுருளை மட்டும் தூக்கிப் போட்டுறாதீங்க மச்சான்," என்றாள்.

மறுநாள் காலை பிரியாணி அண்டாவை அந்தச் சாட்சியை வைத்துத்தான் தேய்த்தேன்.