மேனேஜருக்கு நாற்பத்து மூன்று காப்பாளர்கள்

நாற்பது வயதைத் தாண்டிய மனிதனுக்கு, சமுதாயத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றும். வீட்டில் சொல்லும் வேலைகளிலிருந்து தப்பிக்க அதைவிடக் கௌரவமான வழி கிடையாது. எனக்கும் தோன்றியது. அந்த வருஷம் எங்கள் ஊரில் தெருநாய்க் காப்பகத்துக்குப் போய்வருவதுதான் நாகரிகம். முந்தின வருஷம் மொட்டைமாடியில் தக்காளி வளர்ப்பதும், அதற்கு முந்தின வருஷம் விடியற்காலையில் சைக்கிள் ஓட்டுவதும் நாகரிகமாக இருந்தன. நாயை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை என்பதால் மற்ற இரண்டையும்விட இது எனக்குப் பிடித்துப்போனது.

காப்பகம் என்பது ஊருக்கு வெளியே ஒரு பழைய சிமெண்ட் கிடங்கு. அதை நடத்தியவர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து வேலையை விட்டவர். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். உள்ளே அறுபது நாய்கள் இருந்தன. ஐம்பத்தொன்பது நாய்கள் வருகிறவர்களைப் பார்த்துக் குரைத்தன. அறுபதாவது நாய் எழுந்திருக்கவே இல்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து, லீவு கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. அதனால் அதற்குப் பெயர் மேனேஜர். வயது பன்னிரண்டு. பின்னங்கால் ஒன்று தரையில் ஊன்றாது. பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவர் மடியில் தலையை வைத்துக்கொள்ளும்.

தலை மடியில் விழுந்ததும் வந்தவர்கள் கரைந்துபோனார்கள். விளம்பர வேலை பார்க்கும் என் மச்சான் ஒரு யோசனை சொன்னான். பிடித்த நாய்க்குக் காப்பாளராகலாம், மாதாமாதம் சாப்பாட்டுக்கு ஏதோ அனுப்பினால் போதும், ஒரு சான்றிதழ் தருவோம் என்றான். ‘இந்த ஜீவனின் வாழ்நாள் துணை நான்’ என்று தங்க நிற எழுத்தில் அச்சடித்தும் கொடுத்தான். ஒரே மாதத்தில் மேனேஜருக்கு நாற்பத்து மூன்று காப்பாளர்கள் சேர்ந்தோம். எதிர் மூலையில் எல்லோரையும் பார்த்து உறுமும் கறுப்பு நாய்க்கு ஒருவரும் சேரவில்லை.

இந்த நிலையில்தான் நகராட்சியின் ஆதரவற்ற பிராணிகள் பிரிவிலிருந்து ஆய்வாளர் வந்தார். நேர்மையானவர். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. சுவரில் வரிசையாக மாட்டியிருந்த சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் படித்தார். மறுவாரம் கடிதம் வந்தது. ‘மேற்படி நாய்க்கு நாற்பத்து மூன்று வாழ்நாள் துணைகள் உள்ளபடியால், அது ஆதரவற்ற நாய் என்னும் தகுதியை இழக்கிறது. பதினைந்து தினங்களுக்குள் அதனைக் காப்பாளர் வசம் ஒப்படைக்கவும். தவறினால் காப்பகத்தின் உரிமம் ரத்து செய்யப்படும்’ என்று இருந்தது. கறுப்பு நாய்க்கு எந்த ஆபத்தும் இல்லை.

அக்கா ஆய்வாளரின் அலுவலகத்துக்கே போய், காப்பாளர் என்பதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். பேச்சுக்குத்தான் என்று சான்றிதழில் எழுதியிருக்கிறதா என்று அவர் கேட்டாராம். எழுதியிருக்கவில்லை. மேனேஜரை வெளியே விட்டால் முதல் ரோட்டைக்கூட அது தாண்டாது. அதை வைத்துக்கொண்டால் மற்ற ஐம்பத்தொன்பதும் தெருவுக்கு வரும். அக்கா இதை எங்களிடம் சொன்னபோது குரல் உடைந்துபோனது. எனக்கும் கவலையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

காப்பாளர்கள் அவசரக் கூட்டம் போட்டோம். பல் டாக்டருக்கு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பாட்டு டீச்சருக்கு, பாடும்போது நாயும் கூடவே ஊளையிட்டுவிடும் என்ற பயம். என் மச்சானுக்குப் புது சோபா. வக்கீல் ஒருவர்தான் வழி கண்டுபிடித்தார். வருஷத்தை நாற்பத்து மூன்றால் வகுத்தால் ஆளுக்கு எட்டரை நாள், முறைவைத்து வளர்க்கலாம் என்றார். பலமாகக் கை தட்டினோம். அந்த அரை நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பதை முடிவு செய்ய ஒரு மணி நேரம் ஆனது. பிறகு முதல் முறை யாருக்கு என்ற கேள்வி வந்தது. முப்பத்தெட்டாவது இடமே எனக்குப் போதும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன். மற்றவர்களும் அதே அளவுக்குப் பெருந்தன்மையானவர்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அன்று வீட்டில் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். என் மனைவி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"மீன் தொட்டி வாங்கினீங்களே, அந்த மீனெல்லாம் இப்ப எங்கங்க?"

பேச்சை விட்டுவிட்டுக் குப்பையைக் கொட்டப் போனேன்.

கடைசியில் ஆய்வாளரே மனமிரங்கி வழி சொன்னார். காப்பாளர்கள் அத்தனை பேரும் நேரில் வந்து உறுதிமொழி கொடுத்தால், நாய் மறுபடி ஆதரவற்றதாகிவிடும், காப்பகத்திலேயே இருக்கலாம். ‘எனக்கும் மேற்படி நாய்க்கும் எவ்வித உறவும் இல்லை, இருந்ததில்லை, இனி இருக்கப்போவதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாய்களைக் குளிப்பாட்ட நாலு பேர் வந்தாலே அதிகம். கையெழுத்து அன்று நாற்பத்து மூன்று பேரும் வந்திருந்தோம். ஒருவர் வெளிநாட்டுப் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்தார்.

எந்த நாயோடு உறவில்லை என்பதை அடையாளம் காட்ட வேண்டும் என்பது விதி. எனவே ஒவ்வொருவராகப் போய் மேனேஜரின் தலையைத் தொட்டு, இந்த நாய்தான் என்று சொல்லி, பிறகு கையெழுத்துப் போட்டோம். முதலில் தொட்டவர் பல் டாக்டர். மேனேஜர் வாலை ஆட்டியது. ஆய்வாளர் பேனாவை மூடினார்.

"வாலை ஆட்டுதே. உறவே இல்லைன்னு எப்படிம்மா பதிவு பண்றது?"

"அது எல்லாருக்கும் ஆட்டும் சார்" என்றார் அக்கா.

ஆய்வாளர் யோசித்தார். தாமே குனிந்து தலையைத் தொட்டார். வால் ஆடியது. திருப்தியோடு குறிப்பு எழுதினார்: ‘பொதுவான வாலாட்டல். தனிப்பட்ட உறவு எதையும் குறிப்பதன்று.’

என் முறை வந்தபோது அது என் மடியைத் தேடியது. நான் நின்றுகொண்டிருந்ததால் செருப்பின் மேல் தலையை வைத்துக்கொண்டது. காலை மெல்ல உருவிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டேன்.

எல்லாம் முடிந்ததும் அக்கா காகிதங்களை அடுக்கி முனை தட்டினார். மேனேஜர் இங்கேயே இருக்கும் என்றானதில் அவருக்கு மெய்யாகவே சந்தோஷம். எல்லோருக்கும் நன்றி சொன்னார். பிறகு, கோபமே இல்லாமல், விவரம் சொல்வதுபோல்தான் சொன்னார்.

"இதுக்கு முன்னாடி ஒருத்தர் இதை வாசல் கேட்டுல கட்டிப் போட்டுட்டுப் போனாரு. அவருகூட எழுதிக் கொடுக்கலை."

எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. நல்லவேளையாக ஆய்வாளர் கோப்பில் இணைக்க ஒரு குழுப் படம் வேண்டும் என்றார். உறவில்லாதவர்கள் படத்தில் நாய் இருக்கக்கூடாது என்பதால் மேனேஜரைச் சற்றுத் தள்ளிப் படுக்க வைத்தார்கள். நாற்பத்து மூன்று பேரும் தோளோடு தோள் நின்று சிரித்தோம்.

அந்தப் படத்தை ‘ஒரு ஜீவனைக் காப்பாற்றிய நாள்’ என்று அன்றைக்கே இணையத்தில் போட்டேன். முன்னூற்றுச் சொச்சம் பேர் வாழ்த்தியிருக்கிறார்கள். நாய் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.